அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவுல விஞ்ஞானி வேலை, நான் வெயிட்டிங் லிஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாசம் சித்தப்பா மக கல்யாணத்துக்காகக் காரைக்குடி வந்து மூணு வாரம் இருந்தேன். பந்தில உக்காந்தா பக்கத்து இலைக்காரவுக கேக்குறாக, கோயிலுக்குப் போனா பிரகாரத்துல நிறுத்திக் கேக்குறாக, அழகப்பால படிக்கற பசங்க வாட்ஸ்அப்ல கேக்குறாங்க, எல்லாம் ஒரே பத்துப் பதினஞ்சு கேள்விதான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போன்ல குறிச்சு வச்சேன், யார் எப்படிக் கேட்டாங்களோ அப்படியே. அதுக்கான பதில்தான் இது.

என்னைப் பத்தி ரெண்டு வரி. பொறந்தது அமெரிக்கால, அப்பச்சி, அதாவது எங்கப்பா, அங்க வேலை பார்த்தப்போ. மூணு வயசுல ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க, பள்ளிக்கூடத்துலேர்ந்து எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி வரைக்கும் எல்லாம் காரைக்குடிதான். பி.எச்டிக்குத் திரும்ப அமெரிக்கா போனேன், இப்ப அங்க ஒரு லேப்ல வைரஸ் ஆராய்ச்சி. போன வருஷம் அமெரிக்க ராணுவத்துல மைக்ரோபயாலஜிஸ்ட் ஆபிஸரா சேர மனுப் போட்டேன். செலக்‌ஷன் போர்டு கூடுச்சு, முடிவும் வந்துச்சு. ஆல்டர்னேட்னு சொன்னாங்க, அதாவது வெயிட்டிங் லிஸ்ட்.

1. "ஏன் ஆத்தா, நீ டாக்டருக்குப் படிக்கலையே, மிலிட்டரி ஆஸ்பத்திரில ஒனக்கு என்ன வேலை?"

அமெரிக்க ராணுவ மருத்துவத் துறைல டாக்டருக்கு ஒரு கார்ப்ஸ் (தனிப் பிரிவு), பல் டாக்டருக்கு ஒண்ணு, கால்நடை டாக்டருக்கு ஒண்ணு, நர்ஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. அது போக மெடிக்கல் சர்வீஸ் கார்ப்ஸ்னு ஒண்ணு. டாக்டர் இல்ல, ஆனா மருத்துவத்துக்கு இல்லாம முடியாதுன்னு இருக்கற ஆளுங்க எல்லாம் இதுல வருவாங்க, கிருமி ஆராய்ச்சி, பயோகெமிஸ்ட்ரி, கொசு பூச்சி ஆராய்ச்சி, ஆஸ்பத்திரி நிர்வாகம் இப்படி. முதல் உலகப்போர் சமயத்துல 1917-ல சானிட்டரி கார்ப்ஸ்னு ஆரம்பிச்சது, 1947-ல இப்ப இருக்கற பேரும் அமைப்பும் வந்துச்சு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் உண்டு, நான் போட்டிருக்கறது 71ஏ, மைக்ரோபயாலஜி.

ராணுவத்துக்கு எதுக்கு விஞ்ஞானின்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ரொம்ப காலத்துக்குப் போர்ல குண்டடி பட்டுச் செத்தவங்களை விட காலரா, டைபாய்டு, மலேரியால செத்த சிப்பாய்ங்கதான் அதிகம். மலேரியாவைக் கொசுதான் சுமக்குதுன்னு 1897-ல செகந்திராபாத்ல கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ், ராணுவ மருத்துவ அதிகாரி. 1900-ல கியூபால மஞ்சக் காய்ச்சலும் கொசுவாலதான் பரவுதுன்னு நிரூபிச்ச குழுவுக்குத் தலைவரா இருந்த வால்டர் ரீடும் அமெரிக்க ராணுவ டாக்டர்தான். அவர் பேர்ல இருக்கற வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்துலதான் மெஃப்ளோக்வின்ங்கற மலேரியா மருந்து வந்துச்சு. தாய்லாந்துல 16,000 பேருக்கு மேல போட்டுப் பார்த்து 2009-ல முடிவு சொன்ன எச்.ஐ.வி தடுப்பூசி சோதனையிலயும் இவங்க பங்கு பெருசு. அந்த ஊசி 31 சதவீதம்தான் காப்பாத்துச்சு, ஆனா எச்.ஐ.விக்கு ஒரு ஊசி கொஞ்சமாவது வேலை செய்யும்னு முதல் தடவையா காட்டுனது அதுதான். நான் எம்.எஸ்சி ரெண்டாவது வருஷம் அந்தப் பேப்பரைப் படிச்சேன், என் ஆசை அங்க ஆரம்பிச்சது.

2. "கமிஷன் கமிஷன்ங்கறியே, யாருக்கு யாரு கமிஷன் குடுக்குறது?"

இது அப்பத்தா கேட்டது. வட்டிக்கடையும் தரகும் பேசியே வளந்த வீட்ல கமிஷன்னா அந்த அர்த்தம்தானே முதல்ல வரும், அதனால நிதானமா சொல்றேன். ராணுவத்துல கமிஷன்னா நாட்டுத் தலைவர் பேர்ல ஒருத்தரை ஆபிஸரா நியமிக்கற உத்தரவு. காசு கைமாறற விஷயமே இல்ல. யாராவது பணம் கட்டுனா சேத்து விடறேன்னு உங்ககிட்ட வந்தா அது மோசடி, நம்பாதீங்க.

சிப்பாயா சேர்றது வேற, கமிஷன் வாங்கி ஆபிஸரா சேர்றது வேற. பி.எச்டி படிச்ச வருஷத்தைச் சர்வீஸ் மாதிரி கணக்குல எடுத்துக்குவாங்க, அதனால பி.எச்டி ஆளுங்க பொதுவா கேப்டனா உள்ள போவாங்க. முதல் பயிற்சி டெக்ஸஸ் மாகாணத்துல சான் ஆன்டோனியோ பக்கம் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன்ல.

3. "கெடச்சிருச்சா, கெடைக்கலையா? ஒத்த வார்த்தைல சொல்லு."

ஒத்த வார்த்தைல சொல்ல முடியாது பெரியப்பா, அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. போர்டு ஒவ்வொரு மனுவையும் பார்த்து மூணுல ஒண்ணா பிரிக்கும். எடுத்தாச்சு, எடுக்கல, ஆல்டர்னேட். ஆல்டர்னேட்னா தகுதி இருக்கு, எடுக்கலாம்னு போர்டே சொல்லிருச்சு, ஆனா அந்த வருஷம் இருக்கற இடம் முன்னாடி இருக்கற ஆளுங்களோட முடிஞ்சு போச்சு. யாராவது வரலைன்னா நம்மளக் கூப்பிடுவாங்க.

இதை வீட்ல ஒவ்வொருத்தருக்கும் விளக்கி அலுத்துப் போயிருந்தப்போ அப்பச்சி முகப்புல உக்காந்துக்கிட்டு "அடுத்தாள் மாதிரி" அப்படின்னாங்க. பர்மா, மலாயால நம்ம கடைங்கள்ல மேலாளுக்கு அடுத்து அடுத்தாள்னு ஒருத்தர் இருப்பாரு, எல்லா வேலையும் தெரியும், பெட்டிச்சாவி மட்டும் கையில இருக்காது, மேலாள் ஊருக்குக் கிளம்புனா அன்னைக்கே அவர் உக்காரணும். அப்பச்சி சொன்னப்புறம் வயசான யாருக்குமே நான் விளக்க வேண்டி வரல. நீங்களும் அப்படியே எடுத்துக்கலாம். ஃபெயில் ஆயிட்டான்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, அது உண்மையும் இல்ல, கேக்கறப்போ வலிக்குது.

4. "லிஸ்ட்ல நீ எத்தனாவது ஆளு?"

வரிசை இருக்கு. மார்க் போட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் அடுக்கின லிஸ்ட் ஒண்ணு போர்டுகிட்ட இருக்கும், அந்த வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க. ஆனா என் இடம் எதுன்னு எங்கிட்ட சொல்லல. ஆள் சேர்க்கற ரெக்ரூட்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன், மூணாவது தடவை கேக்கறதை நானே விட்டுட்டேன்.

நம்பர் தெரிஞ்சாலும் பெருசா உதவாது. 71ஏ மாதிரி சின்ன வேலைப் பிரிவுல வருஷத்துக்கு எடுக்கறதே கொஞ்சம் பேர். அங்க முதல் ஆல்டர்னேட்டா இருந்தும் யாரும் விலகாம வருஷம் ஓடிரலாம், பின்னாடி இருந்தும் சட்டுன்னு கூப்பிட்டுரலாம்.

5. "எப்பதான் தெரியும்? ஒரு தேதி சொல்ல மாட்டாகளா?"

கூப்பிடற தேதி யாருக்கும் தெரியாது. ஆனா கடைசித் தேதி ஒண்ணு உண்டு. அமெரிக்க அரசாங்கத்துக்கு நிதியாண்டு அக்டோபர் 1-ல ஆரம்பிச்சு செப்டம்பர் 30-ல முடியுது, நமக்கு ஏப்ரல் மார்ச் மாதிரி. எத்தனை ஆளு எடுக்கணும்ங்கற கணக்கு அந்தந்த நிதியாண்டுக்குத்தான், அதனால என் பேரும் செப்டம்பர் 30 வரைக்கும்தான் உயிரோட இருக்கும்.

ஆடி மாசம் முழுக்க யாராவது போன் பண்ணி "வந்துருச்சா"ன்னு கேட்டா எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது. வந்தா நானே முதல்ல வீட்டுக் குரூப்ல போட்டுருவேன், இது சத்தியம்.

6. "முன்னாடி இருக்கவுக எதுக்கு விலகப் போறாக? கெடச்ச வேலைய யாரு விடுவா?"

விடுவாங்க, நெறைய காரணம் இருக்கு. மனுப் போட்டதுலேர்ந்து முடிவு வர்றதுக்குள்ள பல மாசம் ஆயிரும், அதுக்குள்ள ஒருத்தருக்குக் கம்பெனில நல்ல சம்பளத்துல வேலை கெடச்சிருக்கும், ஒருத்தருக்குக் குழந்தை பொறந்துருக்கும், இன்னொருத்தர் யுனிவர்சிட்டில புரொஃபசர் ஆயிருப்பாரு. சிலருக்கு மெடிக்கல்ல ஏதாவது வந்து நிக்கும், சிலருக்குப் பின்னணி விசாரணை முடியாம இழுக்கும்.

எட்டு வருஷக் கணக்கும் இருக்கு. கமிஷன் வாங்கினா மொத்தம் 8 வருஷம் ராணுவத்துக்குக் கடமைப்பட்டவங்க, அதுல ஒரு பகுதி முழுநேரம், மிச்சம் ரிசர்வ்ல இருந்து முடிக்கலாம். கையெழுத்துப் போடற நேரத்துல அதை நெனச்சுப் பின்வாங்கறது உண்டு. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா யாரோ ஒருத்தர் விலகணும்னு வேண்டிக்க எனக்கு மனசு வரல, பிள்ளையார்பட்டில நின்னப்போ கூட அதைக் கேக்கல.

7. "பேரு வந்தாக் கூட உடனே சேர முடியாதாமே, ஸ்க்ரோல்னு ஏதோ சொல்றாங்களே, அது என்ன?"

இதைக் கேட்டது அட்லாண்டால இருக்கற ஒரு அண்ணன், விவரம் தெரிஞ்ச கேள்வி. ஆபிஸர் நியமனம் ஜனாதிபதி அதிகாரம். கேப்டன் வரைக்கும் செனட் சபைக்குப் போக வேண்டியதில்ல, அந்த அதிகாரத்தைப் பாதுகாப்புச் செயலர்கிட்ட குடுத்து வச்சிருக்காங்க. நியமிக்க வேண்டியவங்க பேரையெல்லாம் ஒரு பட்டியலாப் போட்டு அவர் கையெழுத்துக்கு அனுப்பறாங்க, அந்தப் பட்டியலுக்குப் பேர்தான் ஸ்க்ரோல். அது கையெழுத்தாகித் திரும்பி வர்ற வரைக்கும் உறுதிமொழி எடுக்க முடியாது. அதனால நாளைக்கே கூப்பிட்டாலும் அன்னைக்கே யூனிபார்ம் கிடையாது, இன்னொரு காத்திருப்பு இருக்கு. அது வரைக்கும் இருக்கற வேலைய ராஜினாமா பண்ணக் கூடாது. இதை யார் எங்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது இதைத்தான், ஏன்னா செலக்ட் ஆயிட்டோம்னு சந்தோஷத்துல வேலைய விட்டுட்டு சம்பளம் இல்லாம உக்காந்திருந்த ஒருத்தரை எனக்கு நேராத் தெரியும்.

8. "சின்ன வயசுல ஒனக்கு இளைப்பு இருந்துச்சே, அதச் சொல்லாம விட்டுட்டா என்ன?"

அத்தை நல்ல எண்ணத்துலதான் கேட்டாங்க. ஆனா சொல்லாம விடக் கூடாது. மெடிக்கல் பரிசோதனை நடத்தறதுக்குன்னே மெப்ஸ்னு தனி மையம் இருக்கு, அங்க பொறந்ததுலேர்ந்து வந்த எல்லா நோயையும் கேக்கறாங்க. ஆஸ்துமா விஷயத்துல அவங்க கோடு 13 வயசு. பதிமூணு முடிஞ்சப்புறமும் இருந்திருந்தா தகுதி இல்ல, அப்புறம் வேய்வர்னு விதிவிலக்கு கேட்டு தனியா மனுப் போடணும். அதுக்கு முன்னாடியே நின்னு போயிருந்தா அந்தத் தடை இல்ல.

எனக்கு நின்னது பதினொண்ணுல. ஆனா அதுக்கு ஆதாரம்? சின்ன வயசுல பார்த்த டாக்டர் கிளினிக்ல பழைய ரெக்கார்டு எதுவும் இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க. கடைசில ஆத்தா வளவறைல இருந்த ரங்கோன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் தடுப்பூசி அட்டையோட சேத்து ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்த மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்துக் குடுத்தாங்க. ரப்பர் பேண்டு தொட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. கடைசிச் சீட்டுல டாக்டர் கையெழுத்துல தேதி, கீழ "மூச்சு நன்றாக உள்ளது, மருந்து நிறுத்தவும்". அதை ஸ்கேன் பண்ணி மொழிபெயர்ப்போட அனுப்பினேன், ஏத்துக்கிட்டாங்க. பிள்ளைங்க மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, தேதி இருக்கறதை மட்டுமாவது ஒரு கவர்ல போட்டு வைங்க.

மறைச்சுட்டுப் போயி பின்னாடி தெரிஞ்சா கமிஷனே போயிரும். ஆல்டர்னேட்டா இருக்கறப்போ இன்னொரு கவனமும் வேணும். பரிசோதனை முடிவு கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லும், அப்புறம் காலாவதி ஆகும். கூப்பிடற அன்னைக்கு மெடிக்கல் காலாவதி ஆகிப் போயிருந்தா வரிசைல அடுத்தவங்களுக்குப் போயிரலாம், அதனால தேதியைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

9. "கானாடுகாத்தான் வீட்டுப் பங்கையெல்லாமா அமெரிக்காக்காரன்ட்ட எழுதிக் குடுத்த?"

எழுதிக் குடுக்கல, எழுதிக் காட்டினேன். அதுவும் கட்டாயம். பின்னணி விசாரணைக்கு எஸ்.எஃப் 86-னு ஒரு நீண்ட படிவம் இருக்கு. 10 வருஷமா எங்கெங்க குடியிருந்தோம், வெளிநாட்ல யார் யார் சொந்தம், அவங்க எந்த நாட்டுக் குடிமக்கள், வெளிநாட்ல சொத்து இருக்கா, இனிமே வர்ற மாதிரி இருக்கா எல்லாம் கேக்கும். தெரிஞ்சே பொய் எழுதினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில். வெளிநாட்ல சொந்தம் இருக்கறது குத்தம் இல்ல, மறைக்கறதுதான் குத்தம்.

நம்ம ஊர் வீடு இதுல எப்படி அடங்கும்? படிவத்துல சொத்தோட விலை என்ன, எப்ப வந்துச்சு, கூட யாருக்குப் பங்குன்னு கட்டம் போட்டிருக்கு. நம்ம வீட்ல முகப்பு, ரெண்டு வளவு, பின்கட்டு, சமையக்கட்டு எல்லாம் பொது, ஆளுக்கு ஒரு ரூம் மட்டும் தனி. கொள்ளுத்தாத்தா கட்டினது, இப்ப 19 புள்ளிக்கு, அதாவது 19 குடும்பத்துக்குப் பங்கு, அதுல நாலு பேரு மலேசியாலயும் ரெண்டு பேரு சிங்கப்பூர்லயும் இருக்காங்க. நானும் அப்பச்சியும் ஒரு நாள் மத்தியானம் முழுக்கப் பட்டாலைல உக்காந்து, ஒவ்வொரு அறைக் கதவையும் எண்ணி, எந்தப் பூட்டு யாருதுன்னு பேர் எழுதினோம். பொண்ணுக்கு ஏது பங்குன்னு பெரியப்பா ஒருத்தர் கேட்டாரு, பொண்ணுக்கும் சமப் பங்குன்னு 2005-ல சட்டம் திருத்தினதை அப்பச்சி எடுத்துச் சொன்னாங்க. விசாரணை அதிகாரி என்னை நேர்ல பார்த்தப்போ அந்தப் பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னாரு. விக்கவே முடியாத வீடா, அப்ப அதை வச்சு யாரும் உன்னை மிரட்ட முடியாதான்னு கேட்டாரு. ஒருத்தர் கையெழுத்தால விக்க முடியாது, 19 பேரும் சம்மதிக்கணும்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு.

உங்க பேரு அந்தப் படிவத்துல இருக்குன்னா பயப்பட ஒண்ணுமில்ல. உங்களை யாரும் தேடி வர மாட்டாங்க, நான் உங்களுக்கு என்ன உறவுங்கறதுதான் அதுல இருக்கு.

10. "அப்ப இந்த மாசமெல்லாம் சும்மாவா ஒக்காந்திருக்க?"

இல்ல. லேப் வேலை எப்பவும் போல நடக்குது, சம்பளம் வருது. அதோட மாசம் ஒரு தடவை ரெக்ரூட்டருக்கு ரெண்டு வரி மெயில் போடறேன், இன்னும் விருப்பமா இருக்கேன், போன் நம்பர் மாறல, புதுசா ஒரு பேப்பர் வெளியாச்சு, இப்படி. வாரம் ஒரு தடவை போட்டா தொந்தரவு, ஆறு மாசம் போடலைன்னா மறந்துருவாங்க. ரெக்ரூட்டரும் மாத்தலாகிப் போவாங்க, எனக்கு ஒருத்தர் மாறிட்டாரு, புதுசா வந்தவர்கிட்ட என் ஃபைலே முழுசா இல்ல. நான் ஒவ்வொரு பேப்பருக்கும் காப்பி வச்சிருந்ததால தப்பிச்சேன். உங்க ஃபைலுக்கு நீங்கதான் காவல்.

ஓட்டம் காலைல உண்டு. ஊர்ல இருந்தப்போ அஞ்சரை மணிக்கே எந்திரிச்சுக் கோவிலூர் ரோட்ல ஓடினேன். வீடு வாங்கறது, நீண்ட கான்ட்ராக்ட் போடறது மட்டும் தள்ளி வச்சிருக்கேன். மத்தபடி வாழ்க்கைய நிறுத்தி வைக்கல, கல்யாணத்துக்கு மூணு வாரம் லீவு போட்டு வந்ததே அதுக்குத்தான்.

11. "அக்கா, நான் இந்தியன் பாஸ்போர்ட், இங்கயே எம்.எஸ்சி முடிச்சிருக்கேன், நானும் இதுக்கு அப்ளை பண்ணலாமா?"

நேரா சொல்றேன்ப்பா, முடியாது. அங்க ராணுவ ஆபிஸர் ஆகணும்னா அமெரிக்கக் குடியுரிமை வேணும், என் விஷயத்துல அது பொறப்பால வந்துச்சு, என் திறமையால இல்ல. முன்னாடி மாவ்னின்னு ஒரு திட்டம் இருந்துச்சு, 2008 கடைசில அறிவிச்சாங்க, விசால இருக்கறவங்களும் சில மருத்துவத் தகுதியோ மொழியோ தெரிஞ்சா சேரலாம்னு, அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. 2016-ல நிறுத்திட்டாங்க. அதைக் காட்டி யாராவது இப்ப பணம் கேட்டா குடுக்காதீங்க.

ஆனா நம்ம நாட்லயே வழி இருக்கு. ஆர்மி மெடிக்கல் கார்ப்ஸ்ல ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு எம்.பி.பி.எஸ் முடிச்ச டாக்டருங்களைத்தான் எடுக்கறாங்க, மைக்ரோபயாலஜி எம்.எஸ்சிக்கு அங்க நேரா இடம் இல்ல. நீ ஆராய்ச்சிதான் பண்ணணும்னா டி.ஆர்.டி.ஓ பாரு, அது நம்ம அரசாங்கத்தோட பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு. குவாலியர்ல இருக்கற அவங்க லேப் கிருமி, ரசாயன ஆயுதத்துலேர்ந்து பாதுகாக்கற வேலையத்தான் செய்யுது. அதுல யூனிபார்ம் கிடையாது, சிவிலியன் விஞ்ஞானி. யூனிபார்ம்தான் வேணும்னா ராணுவக் கல்விப் பிரிவு எம்.எஸ்சி ஆளுங்களை எடுக்கும், ஃபிசிக்ஸ் மேத்ஸ் படிச்சிருந்தா விமானப்படை வானிலைப் பிரிவு. அதுக்கெல்லாம் எஸ்.எஸ்.பிங்கற அஞ்சு நாள் ஆபிஸர் தேர்வு இருக்கும். அதுல ரெக்கமண்ட் ஆகி, மெடிக்கலும் முடிச்சு, கடைசில மெரிட் லிஸ்ட்ல இடம் பத்தாம மெரிட் அவுட் ஆனவங்க நெறைய பேரு, அவங்ககிட்ட பேசிப் பாரு, மூணாவது கேள்வில நான் சொன்ன அதே நிலைமைதான். விஞ்ஞானி ஆகறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுக்க, 1948-ல நேரு அடிக்கல் நாட்டின சிக்ரிங்கற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உன் காலேஜ் பக்கத்துலதான் இருக்கு.

12. "மாப்பிள்ளை வீட்ல என்னன்னு சொல்றது?"

உள்ளதைச் சொல்லுங்க. "லேப்ல வேலை பாக்குது, மிலிட்டரிக்கு மனுப் போட்டிருக்கு, வந்தாலும் வரலாம்." கேப்டன்னு இப்பவே சொல்லாதீங்க, ஏழாவது கேள்வில சொன்ன கையெழுத்து ஆகற வரைக்கும் நான் கேப்டன் இல்ல. வந்துச்சுன்னா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறணும், அதையும் சொல்லுங்க. ஒத்து வர்றவங்க வரட்டும்.

13. "சண்டை வந்தா ஒன்னையும் அனுப்புவாகளா?"

அனுப்பலாம். இல்லன்னு சொன்னா பொய். ஆயுதப் பயிற்சியும் உண்டு. ஆனா கிருமி ஆராய்ச்சி ஆளுங்க வேலை பெரும்பாலும் லேப்லதான். 2014-ல மேற்கு ஆப்பிரிக்கால எபோலா பரவுனப்போ அமெரிக்க ராணுவத்தோட நடமாடும் லேப் பிரிவு லைபீரியா போயி ரத்தப் பரிசோதனை பண்ணுச்சு. அந்த மாதிரி வேலைக்குத்தான் நான் மனுப் போட்டிருக்கேன்.

இதைக் கேட்டது அப்பத்தா. அப்பத்தாவுக்கு அஞ்சு வயசு இருக்கறப்போ அவங்க அப்பச்சி பர்மால கடைல இருந்தாங்க. 1942-ல ஜப்பான்காரன் ரங்கோனைப் பிடிச்சப்போ ஏழு மாசம் கடுதாசி இல்ல, தந்தி இல்ல. அவங்க ஆயா தினமும் முகப்புத் திண்ணைல விளக்கு வச்சுட்டு உக்காந்திருப்பாகளாம், இருட்டினப்புறமும் உள்ள வர மாட்டாகளாம். அவங்க அப்பச்சி நடந்தே வந்து சேந்தாங்க, வாசல்ல நின்னப்போ அப்பத்தாவுக்கு அடையாளம் தெரியலையாம். காத்திருக்கறதுன்னா அப்பத்தாவுக்கு அதுதான். அதனால அவங்களுக்கு மட்டும் நான் வேற பதில் சொன்னேன்: எங்க இருந்தாலும் வாரம் ஒரு தடவை என் குரல் உங்க காதுல விழும், விழுகாத இடத்துக்குப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டுப் போவேன்.

14. "மிலிட்டரில சேந்துட்டா ஒன் ஓசிஐ கார்டு என்னாகும்?"

இதுதான் எனக்கு இருக்கற கேள்வியிலயே கஷ்டமானது. ஓசிஐங்கறது குடியுரிமை இல்ல, ஆயுசு முழுக்க இந்தியா வந்து போறதுக்கான ஒரு அனுமதி. வெளிநாட்டு ராணுவத்துல இருக்கறவங்களுக்கும் இருந்து ஓய்வு வாங்கினவங்களுக்கும் ஓசிஐ குடுக்கறதில்லங்கறது இந்திய உள்துறை அமைச்சக விதி. நான் கார்டு வாங்கறப்போ மாணவி. கமிஷன் வந்தா மறைக்காம தூதரகத்துக்கு எழுதுவேன், திருப்பிக் குடுக்கச் சொன்னா குடுத்துருவேன். மனுப் போடறதுக்கு முன்னாடியே இதை யோசிச்சு முடிவு பண்ணிட்டேன், ஆனா வீட்ல சொன்னது இந்தத் தடவைதான்.

அப்பச்சி லேப்டாப்ல அந்த வரியைப் படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை படிச்சாங்க. "அப்ப படைப்புக்கு வர்றதுக்கு விசா எடுக்கணுமா?" அப்படின்னு மட்டும் கேட்டாங்க. படைப்புன்னா பங்காளிக எல்லாம் சேந்து முன்னோர்களுக்குப் படைச்சுக் கும்பிடறது. ஆமா, எடுக்கணும், அதுக்கு மேல என் கமாண்டர்கிட்ட வெளிநாடு போக அனுமதியும் வாங்கணும், நெனச்ச நேரத்துக்கு வர முடியாதுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "படைப்புத் தேதிய ஆறு மாசம் முன்னாடியே வச்சுரச் சொல்லி பங்காளிககிட்ட பேசறேன்"னு சொன்னாங்க. இதே முடிவுல இருக்கற வேற தமிழ்ப் பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா, இந்த ஒரு விஷயத்தை அப்பா அம்மாகிட்ட முதல் நாளே பேசிருங்க. நான் தள்ளிப் போட்டது தப்பு.

15. "செப்டம்பர் முடிஞ்சும் கூப்பிடலைன்னா?"

அஞ்சாவது கேள்வில சொன்ன மாதிரி அன்னையோட இந்த லிஸ்ட் முடிஞ்சிரும், அடுத்த வருஷத்துக்கு அப்படியே நீளும்னு நம்பி உக்காரக் கூடாது. புதுசா மனு, புது ரெக்கமண்டேஷன் லெட்டர், காலாவதி ஆகியிருந்தா புது மெடிக்கல். ஒரு தடவை ஆல்டர்னேட் ஆனது அடுத்த தடவைக்குக் குறை இல்ல. வயசு வரம்பு இருக்கு, எனக்கு இன்னும் சில வருஷம் இருக்கு.

அதுக்குள்ள வேற கதவும் தட்டுவேன். கடற்படைலயும் மைக்ரோபயாலஜிஸ்ட் ஆபிஸர் உண்டு. பப்ளிக் ஹெல்த் சர்வீஸ்னு ஒரு அமைப்பு, அதுவும் யூனிபார்ம் போட்ட கமிஷன்தான், ஆனா ஆயுதம் தூக்காத சர்வீஸ், விஞ்ஞானிங்களுக்குன்னே தனிப் பிரிவு வச்சிருக்காங்க. முதல் கேள்வில சொன்ன வால்டர் ரீட் நிலையத்துலயே சிவிலியன் விஞ்ஞானிங்களும் வேலை பாக்கறாங்க. இந்த வருஷம் மட்டும் முதல்ல ராணுவத்துக்கே திரும்பப் போடறதா இருக்கேன். லெட்டருக்கு என் பழைய கைடுகிட்டயும் இப்ப இருக்கற லேப் தலைவர்கிட்டயும் கேட்டு வச்சாச்சு, ரெண்டு பேரும் ஆகஸ்ட்ல தர்றேன்னு சொல்லிருக்காங்க.